எர்லி டிசிஷன் போடலாமா, ரெகுலருக்குக் காத்திருக்கலாமா? எச்-4 மாணவிக்கான கணக்கு

#1 மணிமுத்தாறு

வணக்கம். வரும் நவம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப்போகும் மாணவி என் மகள், நியூ ஜெர்சியில் 11ஆம் வகுப்பு, எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குக் கிடைப்பது). குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,85,000 டாலர். இங்கே வாடகை வீடு, தென்காசிப் பக்கம் கொஞ்சம் நிலம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1530. அப்ளைடு மேத்ஸ் படிக்க ஆசை.

பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டிய நவம்பர் சுற்றில் எர்லி டிசிஷன் போட்டால் 14 சதவீதம் பேருக்கு இடம், ஜனவரிக் கெடு உள்ள ரெகுலர் சுற்றில் 4 சதவீதம்கூட இல்லை என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஏன் யோசிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டால் மாற முடியாதே என்ற பயம் இன்னொரு பக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 கொன்றை

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். எர்லி டிசிஷன், சுருக்கமாக ஈ.டி., ஓர் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் போயாக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றாக வேண்டும். எர்லி ஆக்‌ஷன், ஈ.ஏ., அப்படிக் கட்டாது. டிசம்பரில் முடிவு வரும், மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபர்டு, கால்டெக் வைத்திருப்பது மூன்றாவது வகை, ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன். இடம் கிடைத்தாலும் போயாக வேண்டியதில்லை, ஆனால் அதே நேரத்தில் வேறு எங்கெல்லாம் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

இனி எண்கள். 2024இல் பிரவுனில் சேர்ந்த வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.டி.யில் 6,244 பேர் விண்ணப்பித்து 898 பேருக்கு இடம் கிடைத்தது, 14.4 சதவீதம். மொத்த விண்ணப்பம் 48,881, மொத்தம் சேர்க்கப்பட்டவர்கள் 2,521. ஈ.டி.யைக் கழித்தால் ரெகுலரில் 42,637 பேரில் 1,623 பேர், 3.8 சதவீதம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான்.

ஆனால் அந்த 14.4 உங்கள் மகளுக்கான விகிதம் இல்லை. அந்த 898 பேரில் விளையாட்டுக்காக ஏற்கனவே பேசி முடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பிரவுன் உட்பட ஐவி லீக் குழுவின் எட்டுக் கல்லூரிகளில் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய இருநூறு பேரை இப்படிச் சேர்க்கிறது, அவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டிய சுற்றில்தான் வருகிறார்கள். பிரவுனிலும் இருநூறு என்று வைத்து இரண்டு பக்கமும் கழித்துப் பாருங்கள்: 6,044க்கு 698, அதாவது 11.5 சதவீதம். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள் ஆகியோரையும் கழித்தால் இன்னும் இறங்கும்.

இந்தப் பிரிவினரின் பலம் எவ்வளவு என்பது சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பது பற்றி ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் வெளிவந்த தரவில் தெரிந்தது. பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு.

#3 வைகைக்கரை

கொன்றை அக்கா கழித்தது சரி. ஆனால் கழித்த பிறகும் 11.5க்கும் 3.8க்கும் இடையே மூன்று மடங்கு இருக்கிறதே, அதை விட்டுவிடக் கூடாது. ஈ.டி.யில் மெய்யான அனுகூலம் உண்டு. கல்லூரியின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் புரியும். பிரவுனின் ஒரு வகுப்பு சுமார் 1,700 பேர். டிசம்பரிலேயே 898 இடம் உறுதியாகிவிட்டால் பாதிக்கு மேல் நிரம்பியாயிற்று. ரெகுலரில் ஓர் இடத்தை நிரப்ப ஒருவருக்கு மேல் அழைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அழைக்கப்பட்டவர்களில் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஈ.டி.யில் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த உறுதிக்காகக் கல்லூரி கொஞ்சம் இறங்கி வருகிறது.

எம்.ஐ.டி.யோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே உள்ளது வெறும் ஈ.ஏ., கட்டுப்பாடு கிடையாது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகையும் கிடையாது. அதே ஆண்டில் ஈ.ஏ.யில் 12,563 பேரில் 661 பேருக்கு இடம், 5.3 சதவீதம். மொத்த விகிதம் 4.5. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆக, முன்கூட்டிப் போடுவதால் மட்டும் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை. திரும்ப முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான் விலை கிடைக்கிறது.

ஹார்வர்டு இரண்டுக்கும் நடுவில். அதே ஆண்டில் முன்கூட்டிய சுற்றில் 7,921 பேரில் 692 பேர், 8.7 சதவீதம். மற்றவர்கள் 46,087 பேரில் 1,245 பேர், 2.7 சதவீதம். அந்த 1,245இல் டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் இடம் பெற்றவர்களும் அடக்கம். ஹார்வர்டு ஒப்பந்தம் கேட்பதில்லை என்பதால், அங்குள்ள இடைவெளியில் பெரும்பகுதி யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதால் வருவது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

#4 கொன்றை

ஒப்புக்கொள்கிறேன். அனுகூலம் உண்டு, ஆனால் விகிதத்தை விகிதத்தால் வகுத்து வரும் மடங்கு அது இல்லை. எந்தக் கல்லூரிக்கும் இந்த எண்கள் வேண்டுமானால் அதன் பெயரோடு காமன் டேட்டா செட் என்று தேடுங்கள், கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. சி21 என்ற பகுதியில் ஈ.டி. விண்ணப்பங்களும் சேர்க்கைகளும் இருக்கும். எச்6 பகுதியில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு நிதியுதவி கொடுத்தார்கள் என்று இருக்கும். எச்-4 குடும்பங்கள் சி21ஐ விட எச்6ஐத்தான் முதலில் திறக்க வேண்டும்.

#5 பாலைநிலம்

எச்6 பற்றி அக்கா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த இழையில் இதுவரை பணம் பேசப்படவில்லை. மணிமுத்தாறு சார், உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

எச்-4 பிள்ளை அமெரிக்கப் பள்ளியில் எத்தனை வருடம் படித்திருந்தாலும், பெரும்பாலான தனியார் கல்லூரிகள் நிதியுதவிக்கு வெளிநாட்டு மாணவராகத்தான் வைக்கும். மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் கிடையாது. அதனால் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுப்பதுதான் முழு உதவியும்.

இங்கே கல்லூரிகள் இரண்டாகப் பிரிகின்றன. வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்பதைச் சேர்க்கை முடிவில் பார்க்காதவை ஒரு வகை: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மத், போடன், அண்மையில் நோட்ர டாம், 2025இல் சேர்ந்த வகுப்பு முதல் பிரவுன். மற்ற வகையில் கேட்பதே எடை கூட்டும். ஸ்டான்ஃபர்டு, கொலம்பியா, கார்னெல், டியூக் அந்த வகை. அவற்றில் பலவற்றில் விண்ணப்பிக்கும்போது நிதியுதவி வேண்டாம் என்று குறித்துவிட்டால் நான்கு வருடத்திலும் பிறகு கேட்க முடியாது. ‘முதலில் இடம் வாங்குவோம், பணம் பிறகு’ என்று பலர் சொல்லிக்கொடுக்கும் யோசனை அங்கே எடுபடாது.

பிரவுன் இப்போது முதல் வகையில் வந்துவிட்டதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. அடுத்த கேள்வி, எவ்வளவு கொடுப்பார்கள் என்பது. 1,85,000 டாலர் வருமானத்துக்கு இதுதான் முக்கியமான இடம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025-26 முதல் 2,00,000 டாலர் வருமானம் வரை, சொத்து வழக்கமான அளவில் இருந்தால், கல்விக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கின்றன. பிரின்ஸ்டன் இன்னும் மேலே போய் 2,50,000 வரை பெரும்பாலான குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இருக்காது என்கிறது. இவை மூன்றும் வெளிநாட்டு மாணவருக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்கின்றன. பிரவுன் அறிவித்திருக்கும் எல்லை 1,25,000. அதற்கு மேல் உதவி இல்லை என்று பொருள் இல்லை, குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கிடுவார்கள். ஆனால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு கல்லூரிகளில் வரும் தொகை ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் மாறலாம். பிரவுனில் ஒரு வருட மொத்தச் செலவு 90,000 டாலரைத் தாண்டுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈ.டி.யில் நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்த ஒப்பீட்டைத்தான். ஒரே ஒரு கல்லூரியின் தொகை கையில் இருக்கும், இன்னொன்றைக் காட்டி ‘அவர்கள் இவ்வளவு கொடுத்தார்கள்’ என்று கேட்க வழி இருக்காது. 2025 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 32 கல்லூரிகள் மீது தொடுத்த வழக்கின் சாரமும் இதுதான்: ஈ.டி. போட்டியைக் குறைத்துச் செலவைக் கூட்டுகிறது என்று.

சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதியுதவி விண்ணப்பத்தில் நம் ஆட்கள் தடுமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 1 அன்று திறக்கும். கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கு, அதாவது 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 2024 கணக்கு.

ஊரில் உள்ள நிலத்தைக் காட்டியாக வேண்டும். கேட்பது இன்றைய சந்தை மதிப்பு. பத்திர அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பை அப்படியே போட்டுவிடாதீர்கள். அண்ணன் தம்பிகளோடு பிரிக்காத சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டும் காட்டி, விளக்கப் பகுதியில் எழுதுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று நகல் கையில் இருக்கட்டும், கேட்டால் அனுப்ப.

401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பின் இருப்பைச் சொத்தாக எண்ணுவதில்லை, ஆனால் அந்த ஆண்டு அதில் போட்ட தொகையை வருமானத்தோடு கூட்டிக்கொள்வார்கள். ஊரில் பெற்றோருக்கு மாதம் அனுப்பும் பணம், மருத்துவச் செலவு எல்லாம் தானாகக் கணக்கில் வராது. சிறப்புச் சூழ்நிலை என்ற பகுதியில் தொகையோடு எழுத வேண்டும், வங்கி ரசீதும் வேண்டும்.

எச்-4க்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்: நிதியுதவிக் கடிதத்தில் மாணவர் தானே சம்பாதித்துக் கட்ட வேண்டிய பங்கு என்று ஒரு வரி பொதுவாக இருக்கும். எச்-4 பிள்ளை வளாகத்தில்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் படிப்புக் காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வரை முடியும். மாறாத வரை அந்த வரியின் தொகையும் பெற்றோர் தலையில்தான் விழும். கையெழுத்துக்கு முன் கல்லூரியிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

#6 மணிமுத்தாறு

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஈ.டி.யில் இடம் கிடைத்து, உதவித்தொகை போதவில்லை என்றால் வெளியே வர முடியுமா, முடியாதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

#7 பாலைநிலம்

முடியும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் வரும் ஈ.டி. ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். கொடுக்கப்படும் நிதியுதவியில் படிக்க இயலாது என்றால் மறுக்கலாம் என்பது அதிலேயே உள்ள விதிவிலக்கு.

நடைமுறையில் மூன்று நிபந்தனை மறைந்திருக்கிறது. விண்ணப்பத்திலேயே உதவி கேட்டிருக்க வேண்டும். நவம்பர் கெடுவுக்குள் எல்லா ஆவணமும் போயிருக்க வேண்டும், தாமதித்தால் சேர்க்கைக் கடிதம் வரும், தொகை வராது. மறுப்பதற்கு முன் நிதியுதவி அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்டிருக்க வேண்டும். அவர்கள் ஒரு முறை திருத்திக் கொடுத்த பின்னும் முடியவில்லை என்றால் விடுவிப்பார்கள். இதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம், அதுவும் ஜனவரி 1 கெடுக்களோடு மோதும் வாரங்கள். ஆகவே ரெகுலர் விண்ணப்பங்கள் டிசம்பர் பாதிக்குள் எழுதி முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ‘வேறு இடத்தில் அதிகம் கொடுப்பார்கள்’ என்பது காரணமாக ஏற்கப்படாது. மறுத்தால் கல்லூரி வழக்குப் போடாது என்பதும் உண்மைதான். இருந்தாலும் பள்ளியின் பெயர் கெடும், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பாதிக்கும்.

#8 பள்ளிமணி_சென்னை

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகச் சில விவரங்கள். நவம்பர் 1 கெடு நமக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மதிப்பெண் பட்டியல்தான்.

நவம்பர் 1க்குள் 12ஆம் வகுப்பில் நம் கையில் இருப்பது செப்டம்பர் காலாண்டுத் தேர்வு மட்டும். ரெகுலர் சுற்றுக்கு அரையாண்டும் சேரும். காலாண்டில் சறுக்கி அரையாண்டில் எழும் பிள்ளைக்கு முன்கூட்டிப் போடுவது நட்டம். மாநில வாரியத்தில் 2025-26 முதல் 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்பதால், வெளித்தேர்வு மதிப்பெண் என்று காட்ட 10ஆம் வகுப்பு மட்டுமே மிஞ்சுகிறது. எனவே எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கு எடை கூடும். பிரவுன், டார்ட்மத், யேல், ஹார்வர்டு எல்லாம் 2024இல் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கின. அப்போது யேல் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி., ஐ.பி. பாடத்தேர்வு மதிப்பெண்ணையும் ஏற்பதாக அறிவித்தது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் எழுதலாம். அக்டோபருக்கு மேல் தள்ளினால் சில கல்லூரிகளின் முன்கூட்டிய சுற்றுக்கு மதிப்பெண் வந்து சேராது.

ஆலோசகர் என்று தனியாக ஆள் இல்லாத பள்ளிகளே இங்கே அதிகம். தலைமையாசிரியரோ மூத்த ஆசிரியரோ காமன் ஆப்பில் ஆலோசகராகப் பதிவு செய்யலாம். அவர் அனுப்ப வேண்டியவை: பள்ளி அறிக்கை, 9 முதல் 11 வரை மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம், பள்ளியின் மதிப்பெண் முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் கடைசிப் பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கில் 88 என்பது அந்தப் பள்ளியில் முதல் ஐந்து பேருக்குள் வரும் மதிப்பெண் என்று யாராவது சொல்லாவிட்டால், படிப்பவருக்கு அது வெறும் 88தான். ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்தை ஆகஸ்டிலேயே கேளுங்கள். செப்டம்பர் முழுவதும் விடைத்தாள் திருத்தத்தில் போய்விடும், அதன் பிறகு ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை.

ஜே.இ.இ.யும் எழுதும் பிள்ளைக்கு முன்கூட்டிப் போடுவதில் ஒரு நல்லது உண்டு. முதல் கட்டத் தேர்வு ஜனவரியில். கட்டுரை வேலை அக்டோபரோடு முடிந்தால் அந்த இரண்டு மாதமும் படிப்புக்கு மிஞ்சும்.

#9 ஸ்காபரோ_நிலா

கனடாக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கதை கொஞ்சம் மாறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வெளிநாட்டவர் விஷயத்தில் பணத்தேவையைப் பார்க்கும், ஆனால் கனடா, மெக்சிகோக் குடிமக்களுக்கு அப்படிப் பார்க்காது. இங்கே இருந்து ஈ.டி. பற்றிக் கதைக்கிற பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ரொறன்ரோ, வாட்டர்லூ விண்ணப்பங்கள் ஹார்வர்டு, யேல் விதிகளை மீறாது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்ற விலக்கில் வரும். ஈ.டி.யில் இடம் கிடைத்தால் மட்டும் அவற்றையும் மீளப்பெற வேண்டும்.

#10 வைகைக்கரை

அந்த விலக்குகளை முழுதாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தெரியாமல் விதியை மீறி இடத்தை இழக்கிற ஆபத்து இங்கேதான். ஹார்வர்டுக்கு முன்கூட்டிப் போட்டால் அமெரிக்காவின் வேறு தனியார் கல்லூரி எதற்கும் ஈ.டி., ஈ.ஏ. கூடாது. எம்.ஐ.டி. ஈ.ஏ.யும் கூடாது. எம்.ஐ.டி. தன் பக்கம் தடுக்காது, ஹார்வர்டின் விதிதான் தடுக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் தடையில்லை: பர்டூ, இலினாய், ஜார்ஜியா டெக், மிச்சிகன் ஈ.ஏ. எல்லாம் போடலாம். அக்டோபர் 15 கெடு உள்ள ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜும் போடலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் முன்கூட்டிய சுற்றே இல்லை, எஸ்.ஏ.டி.யும் பார்ப்பதில்லை, அதனால் எதோடும் மோதாது.

நோட்ர டாம் தன் சுற்றையும் ரெஸ்ட்ரிக்டிவ் என்றுதான் அழைக்கிறது, ஆனால் அது தடுப்பது ஈ.டி.யை மட்டும். ஜார்ஜ்டவுனும் அப்படியே. மறுபுறம் சில ஈ.டி. கல்லூரிகள் தனியார் ஈ.ஏ.யையும் தடுக்கும். அந்தந்த ஆண்டு விதியை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் வரி வரியாகப் படியுங்கள்.

நியூ ஜெர்சியில் இருப்பதால் ரட்கர்ஸ் ஈ.ஏ.யைக் கண்டிப்பாகப் போடுங்கள். பிரவுனோ ஹார்வர்டோ, எது போட்டாலும் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அது வழியில் நிற்காது.

#11 கொன்றை

டிசம்பரில் தள்ளிவைத்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் இது திட்டத்தின் பாதி.

ஹார்வர்டு முன்கூட்டி வருபவர்களில் மிகப் பெரும்பாலானோரை ரெகுலருக்குத் தள்ளிவைக்கிறது. ஸ்டான்ஃபர்டு நேர்மாறு, சிலரை மட்டும் தள்ளிவைத்து மற்றவர்களுக்கு இல்லை என்றே சொல்லிவிடும். ஆக, ஹார்வர்டு தள்ளிவைத்தது என்பதில் நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை.

அந்த நிலையில் இரண்டாம் ஈ.டி. என்று ஒரு கதவு உண்டு. வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, எமரி, வாஷிங்டன் செயின்ட் லூயி, டஃப்ட்ஸ், போடன், ஸ்வார்த்மோர், போமோனா ஆகியவற்றில் இருக்கிறது. கெடு ஜனவரித் தொடக்கம், முடிவு பிப்ரவரி நடு. ஹார்வர்டின் முடிவு வந்த பிறகு இதைப் போட விதி அனுமதிக்கிறது. ஆனால் இரண்டாம் ஈ.டி.யில் இடம் கிடைத்தால் ஹார்வர்டில் தொங்கும் விண்ணப்பத்தையும் திரும்பப் பெற வேண்டும். இந்தப் பட்டியலில் எச்-4 மாணவர் நிதியுதவி கேட்பதை எடைபோடாதவை போடனும், அமெரிக்கப் பள்ளியில் படித்து முடிப்பவர் என்றால் போமோனாவும். ஆகவே இங்கேயும் எச்6 பகுதியைப் பார்த்துவிட்டுத்தான்.

#12 மணிமுத்தாறு

புரிகிறது. அப்படியானால் எங்கள் நிலையில் பிரவுன் ஈ.டி.யா, எம்.ஐ.டி. ஈ.ஏ.யா, ஹார்வர்டா?

#13 பாலைநிலம்

பெயரை வைத்து முடிவு செய்யாமல் ஆகஸ்டில் ஒரு கணக்குப் போடுங்கள். பிரவுன், எம்.ஐ.டி., ஹார்வர்டு, பிரின்ஸ்டன் நான்கின் இணையதளத்திலும் உள்ள, உதவி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணிக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரிலும் ஒரே எண்களைக் கொடுங்கள், நிலத்தின் மதிப்பு உட்பட. இந்தக் கருவிகள் அமெரிக்கக் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் வருமானம் டாலரில், வரிக் கணக்கும் இங்கேயே என்பதால் உங்களுக்கு ஓரளவு நெருங்கி வரும், ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு வராது. பிறகு பிரவுனின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல்: எச்-4, இந்த வருமானம், இந்தச் சொத்து, மாணவர் வேலை செய்ய முடியாது, ஈ.டி.க்கு முன் உத்தேசத் தொகை சொல்ல முடியுமா என்று.

வரும் தொகையை நான்கு வருடமும் கடன் இல்லாமல் கட்ட முடியும், மற்ற மூன்றில் இடம் கிடைத்திருந்தாலும் பிரவுனுக்கே போயிருப்பாள் என்றால் ஈ.டி. போடுங்கள். அப்ளைடு மேத்ஸ் துறைக்கு அது உண்மையிலேயே சிறந்த இடம், அந்த அனுகூலத்தை வீணாக்க வேண்டாம். தொகை உங்கள் வசதிக்கு 10,000 டாலருக்கு மேல் இடித்தால் ஈ.டி. வேண்டாம். எம்.ஐ.டி. ஈ.ஏ., கூடவே ரட்கர்ஸ், பர்டூ, ஜார்ஜியா டெக் ஈ.ஏ. போட்டுவிட்டு, பிரவுனையும் பிரின்ஸ்டனையும் ஹார்வர்டையும் ரெகுலரில் வைக்கலாம். ஹார்வர்டுக்கு முன்கூட்டிப் போட்டால் எம்.ஐ.டி. ஈ.ஏ. போய்விடும், கணக்குப் பிள்ளைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

#14 வைகைக்கரை

கணக்குப் பிள்ளைக்கு எம்.ஐ.டி. என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும்: எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை, தனி இணையதளம். அங்கே ஒரே நீளக் கட்டுரை கிடையாது, பல சிறு கேள்விகள். காமன் ஆப்புக்கு எழுதிய 650 சொல் கட்டுரையை வெட்டி ஒட்ட முடியாது. செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால்தான் நவம்பர் 1க்கு முடியும்.

#15 பள்ளிமணி_சென்னை

காமன் ஆப்பில் கெடு என்பது விண்ணப்பிப்பவர் இருக்கும் ஊரின் நேரப்படி இரவு 11:59. அந்த இரவை நம்பாமல் அக்டோபர் 28க்குள் அனுப்பிவிடுங்கள். பள்ளி ஆவணங்கள் ஓரிரு நாள் பிந்தினாலும் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். நிதியுதவி ஆவணங்களின் கெடு மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு, அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.